படத்தை மாற்ற வேண்டாம், பிளேயர் வந்துவிட்டது: போனில் விஎல்சி, ஒரு கல்யாண வீடியோக்காரரின் மதிப்புரை

போன ஐப்பசியில் ஒரு அக்கா கடைக்கு வந்தார். மஞ்சப்பையிலிருந்து மூன்று சிடிக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். உறையில் என் கையெழுத்து: பாகம் 1, பாகம் 2, பாகம் 3, தை 2004.

நான் மன்னார்குடியில் 1997 முதல் கல்யாண வீடியோ எடுத்து வருகிறேன். விஎச்எஸ் கேசட்டில் தொடங்கி, மினி டிவி என்ற சின்ன டேப், விசிடி, டிவிடி, பென்டிரைவ் என்று எல்லாவற்றிலும் கல்யாணங்களைப் போட்டுக் கொடுத்தாயிற்று. விசிடி காலத்தில் மூன்று மணி நேரக் கல்யாணம் என்றால் மூன்று சிடி. ஒன்றில் நலங்கும் மாப்பிள்ளை அழைப்பும், இரண்டில் முகூர்த்தம், மூன்றில் பந்தியும் மொய்யும்.

"தம்பி, இதுல எங்க அம்மா நலங்குப் பாட்டு பாடுவாங்க. அவங்க தவறி மூணு மாசம் ஆவுது. சிங்கப்பூர்ல இருக்கற பொண்ணு அம்மாச்சி பாட்டு வேணும்னு தெனம் கேக்குது. வீட்ல சிடி போடுற பெட்டியே இல்ல. போன்ல பாக்கற மாதிரி பண்ணித் தாங்க."

"குடுங்கக்கா, பாத்துடலாம்" என்று வாங்கி வைத்தேன். முதல் சிடியில் கீறல் இருந்தது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, டிரைவில் போட்டு, மெதுவாக நகல் எடுத்தேன். விசிடியைத் திறந்தால் எம்பெக்ஏவி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஏவிசெக்01 டாட் டேட் என்ற ஃபைல்தான் படம். அதை அக்காவின் போனில் ஏற்றி, போனோடு வந்த பிளேயரில் தொட்டேன். இதை இயக்க முடியாது என்று வந்தது. அக்காவின் முகம் வாடிவிட்டது. படம் அழிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார்.

படம் அழியவில்லை. ஃபைல் பெயரின் வாலை டாட் டேட் என்பதிலிருந்து டாட் எம்பிஜி என்று மாற்றினேன். விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரை நிறுவித் திறந்தேன். கூடத்துக் குரல்கள், பாத்திரச் சத்தம், அதன் நடுவே அம்மாச்சியின் குரல். அக்கா போனைக் காதோடு வைத்துக்கொண்டார். படத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த ஒரு சம்பவத்துக்காக மட்டும் இதை எழுதவில்லை. பத்து வருடமாக விஎல்சியைக் கணினியில் அன்றாடம் பயன்படுத்துகிறவன் நான். அதே மென்பொருள் போனுக்கு வந்தபோது எதைக் கொண்டு வந்தது, எதை விட்டுவிட்டது என்பதைத் தொழில்காரன் பார்வையில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பழைய விசிடியும் டிவிடியும் உங்கள் வீட்டு பீரோவில் கிடந்தால் இது உங்களுக்குப் பயன்படும்.

முதலில், போனின் சொந்த பிளேயர் ஏன் தோற்கிறது? போனில், சுருக்கிப் பதிந்த வீடியோவைப் பிரித்துக் காட்டுவதற்கென்று சிப்பிலேயே ஒரு பகுதி உண்டு. இன்றைக்குப் புழங்கும் எச்264, எச்இவிசி போன்ற வகைகளுக்காக அதைச் செய்திருக்கிறார்கள். விசிடியில் இருப்பது எம்பெக்1. டிவிடியில் இருப்பது எம்பெக்2, அதோடு பெரும்பாலும் ஏசி3 ஒலி. இவற்றைப் போனில் யார் கேட்கப் போகிறார்கள் என்று தயாரிப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள். எம்பெக்2-க்கும் ஏசி3-க்கும் நெடுங்காலம் உரிமக் கட்டணமும் இருந்தது. போனோடு வரும் பிளேயர்கள் பெரும்பாலும் போனின் இந்த ஏற்பாட்டையே நம்பியிருப்பவை. போனுக்குத் தெரியாத வகை வந்தால் அவையும் கைவிரிக்கும்.

விஎல்சி தன் சமையல்காரரையும் பாத்திரத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிற ஆள். எம்பெக்1, எம்பெக்2, மினி டிவி டேப்பின் வகை, டிவ்எக்ஸ், ஏசி3 என்று எல்லாவற்றையும் பிரிக்கும் நிரல்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. போன் சிப்புக்குத் தெரிந்த வகையானால் அதனிடம் ஒப்படைக்கும், தெரியாவிட்டால் தானே செய்துகொள்ளும். விசிடி படம் அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளிதான், நொடிக்கு 25 படம். இன்றைய மிக மலிவான போனுக்கும் இது ஒரு வேலையே இல்லை.

சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம், கணினிக்கு எழுதியதைப் போனுக்கு எப்படிக் கொண்டு போனார்கள் என்று கேட்டேன். "மாமா, நம்ம ஊர்ல டீசல் இன்ஜின வச்சு தண்ணியும் எறைக்கிறோம், கரும்பும் புழியறோம்ல? இன்ஜின் அதேதான், பெல்ட்ட மட்டும் மாத்தி மாட்டறோம். அதுமாரிதான்" என்றான். லிப்விஎல்சி என்பதுதான் அந்த இன்ஜின். சி மொழியில் எழுதியது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் அது ஒன்றே. ஆண்ட்ராய்டில் திரையும் பொத்தான்களும் முதலில் ஜாவா மொழியில் எழுதப்பட்டு, பிறகு கோட்லின் மொழிக்கு மாறின. ஜாவா பக்கத்தையும் சி இன்ஜினையும் இணைக்க நடுவில் ஒரு பாலம் உண்டு. ஐபோனில் விஎல்சிகிட் என்ற இன்னொரு பாலம். கணினியில் இருந்த தோற்றத்தைச் சுருக்கிப் போனில் ஒட்டாமல், விரலுக்கு ஏற்றபடி மேல்பாகத்தைப் புதிதாக எழுதியிருக்கிறார்கள். திரையின் ஒரு ஓரத்தில் விரலை மேலும் கீழும் இழுத்தால் வெளிச்சம், மறு ஓரத்தில் இழுத்தால் ஒலி. வயதான என் வாடிக்கையாளர்கள்கூட இதைச் சொல்லித் தராமலே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இந்த இன்ஜின் பிறந்த கதை எனக்குப் பிடித்தது. 1996-ல் பாரிஸ் அருகே எக்கோல் சென்ட்ரால் என்ற பொறியியல் கல்லூரி மாணவர்கள், விடுதியில் வேகமான நெட்வொர்க் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டுமே. டிஷ் ஆன்டெனாவில் வரும் டிவியை நெட்வொர்க் வழியாக எல்லா அறைக்கும் அனுப்பும் திட்டத்தைப் போட்டார்கள். அனுப்புவதற்கு ஒரு மென்பொருள், வாங்கிக் காட்டுவதற்கு ஒரு மென்பொருள். வாங்கிக் காட்டியதுதான் விடியோலேன் கிளையன்ட், சுருக்கமாக விஎல்சி. ஆரஞ்சு நிற ரோட்டுக் கூம்பு அதன் சின்னம் ஆனதும் மாணவர்கள் அப்படிக் கூம்புகளைச் சேகரித்து வைத்திருந்ததால்தான். 2001 பிப்ரவரியில் கல்லூரியின் சம்மதத்தோடு அதன் நிரலை ஜிபிஎல் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

பிறகு அதைப் பரப்பியதும் வளர்த்ததும் தன்னார்வலர்கள். அந்த ஜிபிஎல் உரிமமே ஐபோனுக்குப் போகும் வழியில் பெரிய தடையாக நின்றது. 2010-ல் அப்ளிடியம் என்ற பிரெஞ்சு நிறுவனம் விஎல்சியை ஐபேடுக்கும் பிறகு ஐபோனுக்கும் கொண்டு வந்தது. 2011 ஜனவரியில் ஆப் ஸ்டோரிலிருந்து அது நீக்கப்பட்டது. விஎல்சி நிரலில் பங்களித்தவர்களில் ஒருவரான ரெமி டெனி கூர்மோன் ஆட்சேபித்திருந்தார். யாரும் நகலெடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், மேற்கொண்டு கட்டுப்பாடு போடக்கூடாது என்பது ஜிபிஎல். ஆப் ஸ்டோரின் விதிகளோ கட்டுப்பாடு போடுகின்றன. இரண்டும் சேராது என்றார் அவர்.

அப்போது பலர் அவரைத் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். நெகட்டிவ் யாருக்குச் சொந்தம் என்று எத்தனை கல்யாண வீடுகளில் பேச்சு முற்றியிருக்கிறது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். காசு வாங்காமல் உழைத்துக் கொடுத்தவர், தான் எந்த நிபந்தனையில் கொடுத்தேன் என்று கேட்டால் அது நியாயம்.

ஐபோனுக்குத் திரும்ப வர விடியோலேன் அமைப்பு எடுத்த வழி நீளமானது. அதன் தலைவர் ழான் பத்தீஸ்த் கெம்ப் முன்னின்று, இன்ஜினை எழுதிய நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப் பிடித்து, ஜிபிஎல்லிலிருந்து சற்றுத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்றச் சம்மதம் கேட்டார்கள். பல வருடம் முன்பு நாலு வரி எழுதிவிட்டுப் போனவரையும் விடவில்லை. 2013 ஜூலையில் விஎல்சி மறுபடி ஆப் ஸ்டோருக்கு வந்தது. ஒரு மென்பொருளை இன்னொரு போனுக்குக் கொண்டு போவது நிரல் மாற்றுகிற வேலை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இப்படிச் சம்மதம் கேட்டு அலைந்தவர்களை நினைத்தால் மரியாதை கூடுகிறது.

ஆண்ட்ராய்டில் உரிமச் சிக்கல் இல்லை, சிப்புச் சிக்கல் இருந்தது. 2012 ஜூலையில் வந்த முதல் சோதனைப் பதிப்பு, நியான் என்ற வேகக் கட்டளைகள் உள்ள ஏஆர்எம் சிப்புகளுக்கு மட்டும். விதவிதமான போன்களுக்கும் சிப்புகளுக்கும் சரிசெய்து சரிசெய்து, 2014 டிசம்பரில்தான் 1.0 என்று துணிந்து போட்டார்கள். விண்டோஸ் 8-ன் புதிய ஆப் தளத்துக்கு விஎல்சியைக் கொண்டு வர 2012 இறுதியில் 40,000 பவுண்டு இலக்கு வைத்துப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். பணம் இலக்கைத் தாண்டி வந்தது. ஆனால் அந்தத் தளம் பழைய விண்டோஸ் கட்டளைகளில் பலவற்றைத் தடை செய்திருந்ததால், இன்ஜினையே ஆங்காங்கே திறந்து வேலை பார்க்க வேண்டியதாயிற்று. சோதனைப் பதிப்பு வெளிவர 2014 மார்ச் ஆனது.

இனி, எடுத்து வைத்துப் பார்த்த அனுபவம்.

ஆண்ட்ராய்டில் முதன்முறை திறக்கும்போது எல்லா ஃபைல்களையும் பார்க்க அனுமதி கேட்கும். ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு இந்த அனுமதி கடுமையாகிவிட்டது. திரையில் வரும் எச்சரிக்கையைப் பார்த்துப் பலர் பயந்து மறுத்துவிடுகிறார்கள். மறுத்தால் உங்கள் விசிடி ஃபைலும் டிவிடி ஃபைலும் பட்டியலில் வராமல் போகலாம். தைரியமாகக் கொடுங்கள். விளம்பரம் இல்லாத, காசு கேட்காத, உங்களைப் பின்தொடராத மென்பொருள் இது. கோடிக்கணக்கில் பணம் தந்து விளம்பரம் சேர்க்கச் சொன்னவர்களை மறுத்துவிட்டதாகக் கெம்ப் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு மிகவும் உதவியது ஒலித் தாமதச் சரிசெய்தல். விஎச்எஸ் கேசட்டை கேப்சர் கார்டு வழியாகக் கணினியில் இறக்கும்போது, சில கேசட்டுகளில் ஒலி ஒரு கால் நொடி முன்னே ஓடும். நாதஸ்வரக்காரர் வாயை வைக்கும் முன்பே சத்தம் வந்துவிடும். கெட்டிமேளமும் தாலியும் பிரிந்து நிற்கும். போன் விஎல்சியில் படம் ஓடும்போதே 50 மில்லி நொடி 50 மில்லி நொடியாக ஒலியை நகர்த்தலாம். நான் தவில்காரர் கையைப் பார்த்துத்தான் சரிசெய்வேன், குச்சி தோலில் படும் இடம் பொய் சொல்லாது. படம் முழுக்க ஒரே அளவு தள்ளியிருந்தால் இது போதும். போகப் போக விலகிக்கொண்டே போகும் கேசட்டுக்கு இது மருந்தல்ல, அதைக் கணினியில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, நானாகச் செய்து பார்த்தது. வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகளுக்குப் படத்தில் இருப்பவர் யார் என்று தெரிவதில்லை. அக்காவை உட்கார வைத்து, பாகம் ஒன்றை ஓடவிட்டு, அவர் சொல்லச் சொல்ல நோட்பேடில் சப்டைட்டில் எழுதினேன். இது வடுவூர்ப் பெரியம்மா. இது நீடாமங்கலத்து மாமா, உன் அப்பாவுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். எந்த நிமிடத்தில் தொடங்கி எந்த நிமிடத்தில் மறைய வேண்டும் என்று குறித்து, படத்தின் அதே பெயரில் எஸ்ஆர்டி ஃபைலாகப் பக்கத்திலேயே வைத்தால் விஎல்சி தானே எடுத்துக்கொள்ளும். சேமிக்கும்போது யுடிஎஃப்8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மறந்தால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் வரும். முன்பெல்லாம் பல பிளேயர்களில் 'பெரியம்மா' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் கிடக்கும். 2018-ல் வந்த 3.0 பதிப்பில், எழுத்துகளை முறைப்படி கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலைச் சேர்த்தார்கள். இப்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. பாரிஸில் பிறந்த மென்பொருள் வடுவூர்ப் பெரியம்மா பெயரைப் பிழையில்லாமல் எழுதிக் காட்டியபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஐபோனில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு ஆப்பும் தன் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், கண்ட ஃபோல்டரில் நுழைந்து தேட முடியாது. அதற்கு விஎல்சி வைத்திருக்கும் வழி, வைஃபை பகிர்வு. அதைப் போட்டால் ஒரு முகவரி காட்டும். அதே வைஃபையில் இருக்கும் கணினியின் பிரவுசரில் அந்த முகவரியை அடித்து, வரும் பக்கத்தில் ஃபைலை இழுத்துப் போட்டால் போனுக்குள் போய்விடும். கேபிள் வேண்டாம், ஐடியூன்ஸ் வேண்டாம். சிங்கப்பூர்ப் பெண்ணுக்கு ஃபைலை இணையத்தில் ஏற்றி அனுப்பி, இந்த வழியை வாட்ஸ்அப் அழைப்பில் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஏற்றிவிட்டார். ஆண்ட்ராய்டிலும் இப்போது இதேபோல் பிரவுசர் வழியாக அணுகும் வசதி வந்துவிட்டது. வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் கணினியின் ஃபோல்டரைப் போனிலிருந்தே திறந்து பார்க்கும் வசதி இரண்டிலும் உண்டு.

குறைகளையும் சொல்ல வேண்டும். கணினி விஎல்சியில் ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றும் வசதி இருக்கிறது, போனில் அது இல்லை. போன் சிப்புக்குத் தெரியாத வகையை மென்பொருளே பிரிக்கும்போது பேட்டரி சீக்கிரம் இறங்கும். விசிடி படத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, பெரிய ஃபைல்களில் போன் சுடுவது கையில் தெரியும். அமைப்புகளில் ஹார்டுவேர் வேகத்தை நிறுத்து, தானாக விடு, முழுதாகப் போடு என்று தேர்வுகள் இருக்கின்றன. படம் பச்சையாகவோ கட்டம் கட்டமாகவோ வந்தால் அதை நிறுத்திப் பாருங்கள் என்பது என் முதல் வைத்தியம். ஆனால் அந்த அமைப்புகள் பக்கம் தொழில் தெரிந்தவருக்கு எழுதியதுபோல் இருக்கிறது. அக்கா போன்றவர் அங்கே போனால் திரும்பி வர வழி தெரியாது. இதை இன்னும் எளிமையாக்க வேண்டும்.

சில தொல்லைகள் விஎல்சியின் கையில் இல்லாதவை. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்களைச் சில போன்கள் கொன்றுவிடும், பாட்டு பாதியில் நிற்கும். 2018-ல் இந்தக் காரணத்துக்காகவே ஹுவாவேயின் புதிய போன்களுக்கு பிளே ஸ்டோரில் விஎல்சி கிடைக்காதபடி விடியோலேன் நிறுத்தி வைத்தது. உங்கள் போனிலும் இப்படி நின்றால், பேட்டரி அமைப்பில் விஎல்சிக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என்று போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் 2022-ல் பல மாதம் விடியோலேனின் இணையதளம் திறக்காமல் இருந்தது. அவர்கள் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பிக் காரணம் கேட்ட பிறகு நவம்பரில் தடை நீங்கியது. இப்போது நன்றாகத் திறக்கிறது.

எல்லாவற்றையும் எம்பி4 ஆக மாற்றிக் கொடுத்துவிட்டால் எந்த பிளேயரிலும் ஓடுமே, இத்தனை பாடு ஏன் என்று சக தொழில்காரர்கள் கேட்கிறார்கள். மாற்றுவதற்கு நான் எதிரி அல்ல. வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு சின்ன நகல் போடுங்கள். ஆனால் மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். விசிடியில் இருப்பதே நொடிக்கு ஒரு மெகாபிட்டுக்குச் சற்று மேல்தான். கேசட்டிலிருந்து சிடிக்குப் போகும்போதே பாதி விவரம் போய்விட்டது. அதை மறுபடி நசுக்கினால், முகத்தில் மிச்சமிருக்கும் மூக்கும் கண்ணும் சதுரம் சதுரமாகிவிடும். ஒரு தடவை மாற்றியவர், நாலு வருடம் கழித்து வேறொரு வகை வந்ததும் மறுபடி மாற்றுவார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். அம்மாச்சியின் முகம் 2004-ல் நான் சிடியில் எழுதியபோது எப்படி இருந்ததோ, அதே பிட்டுகளாகத்தான் இன்று அந்தப் போனில் இருக்கிறது. பிளேயர் படத்தைத் தேடி வந்ததால்தான் அது முடிந்தது.

நிறுவுவதாக இருந்தால் பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் அல்லது விடியோலேனின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். வெளியிட்டவர் பெயர் ஆப் ஸ்டோரில் விடியோலேன் என்றும், பிளே ஸ்டோரில் விடியோலேப்ஸ் என்றும் இருக்கிறதா பாருங்கள். கூம்புச் சின்னத்தைக் காப்பியடித்து விளம்பரத்தைத் திணித்து விற்கும் போலிகள் உண்டு. உங்களிடம் விசிடி இருந்தால் தள்ளிப்போடாமல் நகல் எடுத்துவிடுங்கள். பிளேயர் காத்திருக்கும், சிடியின் மேல்பூச்சு காத்திருக்காது. டெல்டா ஈரத்தில் பூசணம் பிடித்து ஓரத்திலிருந்து உரிந்த சிடிக்கள் வாரத்துக்கு இரண்டையாவது பார்க்கிறேன்.

அக்கா சென்ற வாரம் பாகம் இரண்டையும் மூன்றையும் வாங்கிப் போக வந்தார். மூன்றாவதில் பந்தியில் இலை போடும் பையன் யார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சப்டைட்டிலில் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து பெயர் வந்ததும் எழுதிச் சேர்க்க வேண்டும்.